வண்டி மாட்டின் காது

பத்து வரிச் செய்திக்கு மேல் தேறாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சென்னையில் ஒரு குடும்பத்தார் சேர்த்துவைத்த பழைய உருவப்படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்குப் பதினைந்து நாள். அருங்காட்சியகத்தின் பின்பக்கக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள்.

நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதை வெட்டிக்கொண்டிருந்தவன். ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்து, அதே நாளிதழுக்கு உள்ளூர்ச் செய்தி அனுப்புகிறேன். இப்போது நான் எழுதுவதை வேறு யாரோ வெட்டுகிறார்கள்.

படங்கள் முப்பத்தொன்று. எண்ணினேன், தொழில் புத்தி. ஜரிகைத் தலைப்பாகை வைத்த ஜமீன்தார்கள், கழுத்தே தெரியாமல் நகை அணிந்த அவர்களுடைய மனைவிமார், சட்டப் புத்தகத்தின்மேல் கை வைத்த ஒரு வக்கீல், நாற்காலியிலிருந்து கால் தரைக்கு எட்டாத ஒரு சிறுமி. எல்லோருமே சீக்கிரம் முடியப்பா என்கிற முகத்தோடு இருந்தார்கள். கடைசிச் சுவரில், சன்னலுக்கு எதிரே, ஒரு மாடு.

தலையும் கழுத்தும் முன்தோளும் மட்டும். சாம்பல் கலந்த வெள்ளை. ஒரு கொம்பின் நுனி மழுங்கியிருந்தது. மூக்கணாங்கயிறு ஓடும் இடத்தில் தோல் தேய்ந்து கறுத்திருந்தது. பிடரியில் நுகத்தடி உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப்போன மேடு. கழுத்தில் சலங்கை இல்லை, கொம்பில் குப்பி இல்லை. ஆனால் ஜமீன்தார்களுக்குப் போட்ட அதே அகலச் சட்டத்தைத்தான் இதற்கும் போட்டிருந்தார்கள். கீழே ஒரு அட்டை: ‘மாடு. எண்ணெய் வண்ணம். வரைந்தவர் பெயர் தெரியவில்லை.’ வெட்டுவதற்கு ஒரு சொல் இல்லை. எழுதியவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

நின்றேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. கண் கலங்கிவிட்டது என்று எழுதினால் மிகை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது என்றால் சரி. ஏன் என்றுதான் தெரியவில்லை. ‘ஏன் என்று எழுதவில்லையே’ என்று செய்தியாளர்களை விரட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது கொஞ்சம் கௌரவக் குறைவாக இருந்தது.

“ஃபேன் போடட்டா சார்? கண்ணுல வேர்க்குது போல.”

திரும்பினேன். சன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில், புடவைக்கு மேல் நீலச் சீருடைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். அந்தக் கூடத்துக்குக் காவல்.

“வேண்டாம்மா,” என்றேன்.

“அது ஜோடி மாடு சார்,” என்றாள், நான் கேட்காமலே. “எடத்துப் பக்கம் பூட்டுன மாடு. அதோட வலப்பக்கம் இன்னொன்னு நிக்கணும். பாருங்க, கழுத்து அந்தப் பக்கமே சாஞ்சிருக்குது. வருசக்கணக்கா ஒரே பக்கம் பூட்டுனா அப்படித்தான் ஆயிடும். ஜோடி இல்லன்னாலும் எடம் வுட்டுத்தான் நிக்கும்.”

திரும்பவும் படத்தைப் பார்த்தேன். மாடு சட்டத்தின் நடுவில் இல்லை. ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கத்தில் இன்னொரு தலை கொள்ளுகிற அளவுக்குப் பழுப்பு வண்ண வெற்றிடம். வரைந்தவருக்கு அளவு தப்பிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தேன்.

“ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“எங்க அப்பா வண்டி ஓட்டுனவரு. தாமல் கிராமத்துல. இதெல்லாம் படிச்சா தெரியும்?”

அன்று மாலை விஷயம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சேர்ந்திருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் இருபது நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் அது செய்தி. அவள் நெசவுக் குடும்பத்துப் பெண், இன்றைக்கும் தறியில் உட்காருகிறாள். தறிக்குழிக்குள் கால் இருக்கும்போது அவள் என்னிடம் பேசுவது நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேருகிற இடைவெளிகளில்தான். அதனால் வாக்கியங்கள் சின்னதாக இருக்கும்.

“மாட்டைப் பாத்து அழுதீங்களாமே.” நாடா ஓடியது.

“அழலை.”

“இருவது நிமிசம் நின்னீங்களாம்.” அச்சுப் பலகை ஒரு முறை இடித்தது. “கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பாக்க வந்தப்ப, காப்பி குடிச்சிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்து போயிட்டீங்க.”

“அன்னிக்குக் கடைசி பஸ் அது.”

“மாட்டுக்கு பஸ் இல்ல போல.”

இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன், செய்தியில் ஒரு விவரம் சரிபார்க்க. அப்படித்தான் மனைவியிடம் சொன்னேன். போனபோது காவல்காரப் பெண் நாற்காலியில் இல்லை. மாட்டுக்கு முன்னால் இரு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள். எதிரே புடவைக் கடைப் பைகளோடு ஒரு குடும்பம்.

எங்கள் ஊர்க் கோயில்களை உச்சிவேளைக்குச் சாத்திவிடுவார்கள், மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்த நேரத்தில் போக்கிடம் கிடையாது. பட்டுப் புடவை எடுத்து, சாப்பிட்டு முடித்தவர்கள், ஃபேன் இருக்கிறது என்பதற்காகவே அருங்காட்சியகத்துக்கு வருவார்கள். ஜமீன்தார்களைச் சரசரவென்று கடந்து, மாட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடுவார்கள். காலையிலிருந்து நாலு கோயிலில் நாலு நந்தியின் காதில் குறை சொல்லிவிட்டு வந்தவர்கள். அந்தக் கைப்பழக்கத்தோடு, இடுப்பளவு கட்டிய கயிற்றைத் தாண்டிக் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தின் காதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

“மூச்சுக் காத்து பட்டாக்கூடக் கெட்டுப்போயிடுமாம் சார்,” என்றாள் அவள், குடும்பத்தை அனுப்பிவிட்டு வந்து. “படத்தையெல்லாம் கொண்டாந்த சென்னை மேடம் சொல்லிட்டுத்தான் போனாங்க. வந்தமேனிக்கே திரும்பி வரணும்னு.”

பிறகு தன் விஷயத்தைச் சொன்னாள். ஒப்பந்தக்காரர் மூலம் பதினைந்து நாளைக்கு மட்டும் எடுத்த ஆள் அவள். படங்கள் பழுதில்லாமல் திரும்பிப் போனால் அருங்காட்சியகத்திலேயே தொடர்ந்து வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லையென்றால் பழையபடி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனி.

“காலைல நாலரைக்கு வேன் வரும் சார். திரும்பி வர ராத்திரி எட்டு. பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது. அது முழிச்சிக்கினு இருக்கறப்ப நான் வூட்டுல இருந்து ஒரு வருசமாச்சு. இங்கன்னா அஞ்சே முக்கால் பஸ்ஸு. ஆறரைக்கு வூடு.” மாட்டைப் பார்த்தாள். “எல்லாம் இது காதுலதான் இருக்குது.”

எனக்கு உற்சாகம் வந்தது. இது என் துறை என்று நினைத்தேன். மக்கள் படிக்கிற மாதிரி ஒரு வரி எழுதத் தெரியாதவனா நான்? அங்கேயே ஒரு அட்டை வாங்கி எழுதினேன்: ‘ஓவியங்களைத் தொடாதீர்கள்.’

அடுத்த நாள் வந்த ஒரு அம்மாள் அதை நிதானமாக வாசித்துவிட்டுக் குனிந்தார். “தொடலியேம்மா. பேசத்தானே பேசறேன்.”

இரண்டாவது அட்டை: ‘இது நந்தி அல்ல. வண்டி மாடு.’ தகவல் பிழையைத் திருத்தினால் செயலும் திருந்தும் என்பது பத்திரிகைக்காரர்களின் நம்பிக்கை. ஒரு பெரியவர் அட்டையைப் படித்துவிட்டு என்னையே கேட்டார்: “ஏன் சார், வண்டி மாட்டுக்குக் காது கேக்காதா?”

மூன்றாவது அட்டையில் நான் என் அனுபவத்தையெல்லாம் இறக்கினேன்: ‘மூன்று அடி தள்ளி நின்று பார்க்கவும்.’ இதற்கு உடனே பலன் கிடைத்தது. மூன்று அடி தள்ளி நின்றுகொண்டு சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். “மருமவன் குடியை வுடணும்பா! மாசி மாசத்துக்குள்ள வுடணும்!” என்று ஒரு பெண்மணி கூப்பிட்டுச் சொன்னதில் சுவரிலிருந்த மற்ற முப்பது பேருக்கும் அந்த வீட்டு விவகாரம் தெரிந்துபோனது. மருமகன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“சார்,” என்றாள் காவல்காரப் பெண், அந்த அட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டி, “நீங்க இன்னா எழுதுனாலும் கூட்டந்தான் சார் ஏறுது.”

போதாததற்கு உள்ளூர் நெசவாளர்கள் வேறு வந்தார்கள். அவர்களுக்குக் காதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் எதையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புடவையானால் பின்பக்கத்தில்தான் நெய்தவனின் யோக்கியதை தெரியும். ஒருவர் சட்டத்தின் மூலையில் விரல் விட்டு நெம்பியே விட்டார். “சும்மா பின்னாடி எப்படி முடிச்சிருக்கறான்னு பாக்கறேம்மா.” அவரை அவள் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டாள்.

வழியைக் கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். ஒரு நாள் பகல், கர்ப்பமான மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். மகள் குனியப்போனாள். காவல்காரப் பெண் தடுக்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே, சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

“அதுக்கே ஒரு கொற இருக்குதும்மா. ஜோடிய வுட்டுட்டு நிக்குது பாரு, வலப்பக்கம் எடம் வுட்டுக்கினு. அதோட கொறைய யாரு கேக்கறா? அதுகிட்ட போயி ஒன் கொறையுமா?”

மகள் நிமிர்ந்தாள். மாட்டின் கழுத்தையும் அதன் பக்கத்திலிருந்த வெற்றிடத்தையும் பார்த்தாள். “ஐயோ பாவம்மா,” என்றாள் தாயிடம். இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். போகும்போது அந்தப் பெண் படத்தைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் விடைபெறுவதுபோல.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவள் அதையே சொன்னாள். ஒருவரும் காதருகே போகவில்லை. உற்றுப் பார்த்துவிட்டு, ‘த்சொ’ கொட்டிவிட்டுப் போனார்கள். மூன்று அட்டையால் ஆகாததை வாயால் முடித்துவிட்டாள். நான் தினமும் போய் உட்கார்ந்து பார்த்தேன். செய்தி அச்சாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்குக் கிடைத்த இடம் ஆறு வரி. மாட்டை வெட்டிவிட்டார்கள்.

பதின்மூன்றாம் நாள். உச்சிவேளைக் கூட்டம் வருவதற்கு முன்னால், பதினொன்றரைக்கே அவள் சாப்பிட்டுவிடுவாள். வழக்கமாக நாற்காலியிலேயே, மாட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அன்று நான் இருந்ததால், “சார், பின்னாடி கொழாயாண்ட உக்காந்து சாப்ட்டு வந்துடட்டா? பத்து நிமிசம். யாரையும் காதாண்ட வுடாதீங்க,” என்று தூக்குப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் நானும் முப்பத்தொரு படங்களும். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் கோயிலுக்குப் போகிறவன்தான். தினமும் குளித்ததும் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசாமல் வெளியே கிளம்புவதில்லை. ஆனால் சன்னிதியில் நின்று இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லை. நந்தியின் காதில் சொல்கிறவர்களைப் பார்த்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததற்கு எனக்கு ஒரு சமாதானமும் கிடையாது.

எழுந்து போனேன். கயிற்றுக்கு மேல் குனிந்தேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன். “இந்தம்மாவுக்கு இந்த வேலை நெலைக்கணும்,” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வரி. நெற்றியில் ஏதோ சில்லென்று பட்டது. உடனே நிமிர்ந்து, நாற்காலிக்கு வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். அவள் கழுவிய தூக்கோடு வந்தாள்.

“ஒருத்தரும் வரலியா சார்?”

“ஒருத்தரும் வரலை,” என்றேன். நான் ஏற்கெனவே உள்ளே இருந்தவன், வந்தவன் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தறியிலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள். இழை அறுந்திருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண்.

“நெத்தியில பாதிய எங்க வுட்டுட்டு வந்தீங்க?”

“வேர்த்திருக்கும்.”

“வேர்த்தா வழியும். இது ஒத்தி எடுத்தா மாதிரி இல்ல இருக்குது?” நாடாவை விட்டாள்.  எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மற்றவர்கள் கவனிக்காமல் விட்டதைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்தவன் நான்.

மறுநாள் காலை பத்து மணிக்கே அருங்காட்சியக வாசலில் செருப்புகள் கிடந்தன. யாரும் சொல்லாமலே கழற்றிப் போட்டிருந்தார்கள். உள்ளே கூட்டம். ஒருவர் கையில் வெற்றிலைத் தட்டு. இன்னொருவர் அகத்திக்கீரைக் கட்டே கொண்டுவந்துவிட்டார்.

“மாட்டு மூஞ்சில துண்ணூறு வந்திருக்குதாம்பா. தானா!”

எட்டிப் பார்த்தேன். காதுக்குக் கீழே, கன்னத்தில், இரண்டு வெள்ளைக் கோடு. மூன்றாவது பாதி. கொஞ்சம் சாய்வாக, ஆனால் அழகாகவே விழுந்திருந்தது. எவ்வளவு அகலம், எந்த விரல் எங்கே தூக்கியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஐம்பது வருடமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும் பட்டை.

அவள் கயிற்றுக்கு உள்ளே நின்று இரு பக்கமும் கையை விரித்துக்கொண்டிருந்தாள். குரல் கட்டியிருந்தது. ஜோடி, குறை, எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள், எடுபடவில்லை. “அத்தக் கேட்டுத்தாம்மா சாமியே எறங்கி வந்து பூசி வுட்டிருக்காரு,” என்று அவளுக்கே பதில் சொன்னார்கள். அவளால் அதைத் துடைக்கவும் முடியாது. படத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவளுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. சென்னை அலுவலகம். “சார், ஒங்க ஊர் மியூசியத்துல மாட்டுப் படத்துல விபூதி வந்திருக்காமே? நேத்து ராத்திரி யாரோ சேதி அனுப்புனாங்க. போட்டோவோட ஒரு ஐம்பது வரி குடுங்க சார். முதல் பக்கம் கேக்கறாங்க.”

கண்காட்சிக்கு ஆறு வரி கொடுத்தவர்கள். “இன்னும் உறுதியாகலை,” என்றேன்.

“நீங்க அங்கதானே சார் இருக்கீங்க?”

“அதனாலதான் சொல்றேன்,” என்று வைத்துவிட்டேன்.

கூட்டம் கொஞ்சம் தணிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். சீருடைச் சட்டையின் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு எடுத்தாள். “யாரோ ஒரு ஆம்பள சார். பெரிய கையி. மூணு வெரல்ல இழுத்துப் பூசறவன். ஒயரம் ஒங்க ஒயரம் இருக்கும். நேத்து சாயந்தரம் வரைக்கும் வந்த பட்டைக்காரங்க எல்லாரையும் ஞாபகப்படுத்தி எழுதி வெச்சிருக்கறேன், பதினோரு பேரு. ஒருத்தனும் கிட்ட போவல. நான் சாப்ட போனப்ப நீங்க இருந்தீங்களே, யாரையாவது பாத்தீங்களா?”

அவள் நோட்டில் நான் இல்லை. என்னை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“யோசிச்சுப் பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஓய்வு பெற்ற இந்த ஐந்து வருடத்தில் நான் சொன்னவற்றில் இதைத்தான் திருப்பி வாங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி தறியை நிறுத்தினாள். பகல் வேளையில், இழை அறுகாமல், அவள் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. முதலில் சிரித்தாள். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள். பிறகு நிறுத்தினாள்.

“இன்னா கேட்டீங்க அதுகிட்ட?”

“அந்தம்மாவுக்கு வேலை நெலைக்கணும்னு.”

நாடாவைக் கீழே வைத்தாள். “நாளைக்கு வெடிஞ்சதும் போங்க. மொதல்ல அந்தம்மாகிட்ட சொல்லுங்க. அப்புறம் சென்னையிலேர்ந்து வர்றவங்ககிட்ட சொல்லுங்க. மாட்டுகிட்ட சொன்னது போதும்.”

கடைசி நாள். காலையில் கூடம் திறக்குமுன் வாசலில் அவளிடம் சொன்னேன். நடந்த வரிசையில், ஒன்றையும் விடாமல். கேட்டுக்கொண்டே நோட்டை எடுத்துப் பன்னிரண்டாவதாக ஏதோ எழுதினாள். நோட்டை மூடினாள்.

“எனக்காவ கேட்டீங்களா?”

“ஆமாம்மா.”

“கேக்கறதுதான் கேட்டீங்க, நிமுந்து நின்னு மனசுல கேட்டிருக்கக் கூடாதா சார்?” அதற்குப் பிறகு அவள் பதினோரு மணிவரை என் பக்கம் திரும்பவே இல்லை. அகத்திக்கீரைக்காரர் இரண்டாம் கட்டோடு வந்தபோது மட்டும், “துண்ணூறு யாருதுன்னு தெரிஞ்சிப்போச்சு, அதோ நிக்கறாரு,” என்று என்னைக் காட்டினாள். அவர் என் நெற்றியையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகவும் ஏமாற்றத்தோடு, கீரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிற்பகல் சென்னையிலிருந்து படங்களுக்குப் பொறுப்பான அம்மையார் வந்தார். கூடவே அருங்காட்சியக அலுவலர். ஒவ்வொரு படமாகக் கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்து, ஒரு படிவத்தில் குறித்துக்கொண்டு வந்தார். மாட்டுக்கு முன்னால் விளக்கு நின்றது.

“இது என்ன?”

காவல்காரப் பெண் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போனேன். “நான்தான்,” என்றேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். அன்றும் பூசிக்கொண்டுதான் போயிருந்தேன். “எழுதிக் கொடுத்துடுங்க,” என்றார். “படத்தோட எந்தக் குறையும், எப்படி வந்ததுன்னு எழுத்துல போகணும்.”

வக்கீல் படத்துக்குக் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கு நேர்ந்த விபத்துகளை நாலு வரியில் சுருக்கி எழுதியே காலம் கழித்தவனுக்கு இந்த நாலு வரி வரவில்லை. ‘காவலர் இல்லாதபோது’ என்று எழுதினால் அவள் வேலையை விட்டுப் போனதாக ஆகிவிடும். ‘காவலர் இருந்தபோது’ என்று எழுதினால் பொய், அதோடு அவள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததாக ஆகும். யார் இருந்தார்கள் என்பதையே விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். அந்த மாதிரி ஓட்டை உள்ள செய்தியை நான் ஒருநாளும் அச்சுக்கு விட்டதில்லை. மூன்று தாள் கிழித்தேன்.

அவள் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலாகப் படித்தாள்.

“‘தவறுதலாக’ன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“தவறுதலா காதாண்ட எப்படி சார் போவ முடியும்? அத்த எடுங்க.”

எடுத்தேன்.

“நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னே காணோம்?”

“அதான்மா யோசிக்கிறேன்.”

“யோசிக்க இன்னா இருக்குது? சாப்ட போனேன்னு எழுதுங்க. மனுசி சாப்ட மாட்டாளா? கொழாயாண்ட பத்து நிமிசம்னு போடுங்க. ஒங்களைப் பாத்துக்க சொல்லிட்டுப் போனேன், அதையும் போடுங்க. போட்டா நாலரை வேனு, தெரியும். இருந்தாலும் போடுங்க. அர மொழம் மறைச்சி எழுதிட்டு, நாளைக்கு ஒருத்தன் கேட்டா யாரு பதில் சொல்றது?”

அவள் சொன்னபடியே எழுதினேன். ஏழு வரி வந்தது. அதற்குள் அம்மையார் மெல்லிய தூரிகையால் மாட்டின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். திருநீறு பொடியாக உதிர்ந்து கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது. பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அலுவலர் ஏன் அடக்கினார் என்று தெரியவில்லை.

“மேல்பூச்சுக்கு ஒண்ணும் ஆகலை,” என்றார்.

என் ஏழு வரியை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். நிமிர்ந்து அலுவலரைப் பார்த்தார். “சாப்பாட்டு நேரத்துக்கு மாத்து ஆள் இல்லையா? பதினஞ்சு நாளும் இவங்க ஒரே ஆளா?”

அலுவலர், ஒப்பந்தக்காரர் அனுப்புவதாகச் சொன்னதாகச் சொன்னார்.

“ரெண்டு பேர் போடணும்னு எங்க கடிதத்துல இருக்கே. கழிவறைக்குக்கூட போகாம உக்காந்திருந்தாங்களா?” அவர் குரல் உயரவில்லை. “முப்பத்தொரு படம். இந்த ஊர்க் கூட்டம். ஒரே ஒரு திருநீறு, அதுவும் இவர் பண்ணினது. போன ஊர்ல நாலு பேர் காவலுக்கு இருந்தும் வக்கீல் படத்துக்குப் பேனாவால மீசையை நீட்டிட்டாங்க. இவங்களை நீங்க வெச்சுக்கறதா சொல்லியிருந்தீங்களே?”

“வெச்சுக்கறோம் மேடம். நிச்சயமா. சொல்லிட்டோம்.”

காவல்காரப் பெண் நன்றி சொல்வாள் என்று எல்லோரும் ஒரு கணம் காத்திருந்தோம்.

“எழுதிக் குடுத்துடுங்க சார்,” என்றாள் அலுவலரிடம். “தேதி போட்டு.”

அவர் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. நான் என் பேனாவைத் திறந்து, மேசையிலிருந்து ஒரு தாளையும் எடுத்தேன், வரியை நானே போட்டுக்கொடுக்கலாம் என்று.

“நீங்க வேணாம் சார்,” என்றாள். பேனாவை மட்டும் என் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தாள். “அவரே எழுதட்டும்.”

அவர் எழுதினார். மூன்று வரி. அவள் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து, கையெழுத்துக்குக் கீழே முத்திரையும் வைக்கச் சொல்லி, அதற்காக அவரை முன்பக்க அலுவலகம் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்கள் மாட்டைச் சுவரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சன்னலோரம் ஒதுங்கி நின்றேன்.

அவள் திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. தாளை நாலாக மடித்துத் தூக்குப் பையில் வைத்து, சீருடைச் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். பேனாவை என்னிடம் கொடுத்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு சார். சன்னலை நீங்க சாத்திடுங்க,” என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.